திரையின் மூலையில் எட்டிப் பார்த்தவள்

பட்டுப் புடவைக்கு டிசைன் போடுவது என் தொழில். பார்டரையும் முந்தானையையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து அனுப்பினால், அதைப் பார்த்து அட்டையில் துளை குத்தித் தறியில் மாட்டுவார்கள். வீட்டில் நாங்கள் மூன்றே பேர். கணவர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறவர். மாமனார் முன்னறைத் தறியில் நெய்கிறவர். நான் அடுப்படியில் இருக்கும் நேரத்தில் அவர் கம்ப்யூட்டரில் ஓதுவார் பாட்டு கேட்பார், பஞ்சாங்கம் பார்ப்பார். அவ்வளவுதான் அவருக்கு அதில் வேலை.

ஒருநாள் காலையில் புடவைக் கடைக்காரம்மா ஒருவர் தன் மகள் கல்யாணப் புடவைக்கான டிசைனைப் பார்க்க வந்திருந்தார். அன்னப்பட்சி வரிசையைப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். திரையின் வலது மூலையில் டிங் என்று ஒரு பெட்டி முளைத்தது. அரைகுறை உடையில் ஒரு பெண். 'காஞ்சிபுரத்தில் தனிமையில் இருக்கும் பெண்கள். இப்போதே பேசுங்கள்.' மூடினேன். அடுத்தது வந்தது. அதை மூடுவதற்குள் இன்னொன்று.

கடைக்காரம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "இன்னாமா இது? உங்க வூட்ல யாரு இதெல்லாம் பாக்குறது?"

"யாரும் இல்லீங்கம்மா. தானா வருது."

"தானா எப்பிடிமா வரும்? நாம எதப் பாக்குறமோ அதத்தான் காட்டுமாம். எம் பொண்ணு சொல்லிக்கினு இருந்தா."

டிசைனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. கணவருக்குக் கம்ப்யூட்டர் பக்கம் வரவே நேரமில்லை. நான் பார்க்கவில்லை. மிச்சம் இருப்பது ஒருவர்தான். முன்னறையில் தறி சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எழுபது வயது மனிதர், நெற்றி நிறைய விபூதி. அப்படியெல்லாம் இருக்காது என்று ஒரு மனம் சொன்னது. வேறு யார் என்று இன்னொரு மனம் கேட்டது.

கணவரிடம் சொன்னேன். "எங்க அப்பாவையா சொல்ற?" என்றார். அதன்பின் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான் மாமனாரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக, கம்ப்யூட்டர் மேசையைத் திருப்பி, அடுப்படியிலிருந்து திரை தெரிகிற மாதிரிப் போட்டேன். மறுநாள் அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். திரும்பி அடுப்படியில் நின்ற என்னைப் பார்த்தார். எழுந்து போனார். அன்றிலிருந்து அந்த அறைக்குள் அவர் வரவில்லை. எனக்கு அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே பட்டது. பெட்டிகள் மட்டும் நிற்கவில்லை. சூதாட்டம், வழுக்கைக்கு மருந்து, மறுபடியும் அந்தப் பெண்.

ஒரு வாரம் போயிருக்கும். கம்ப்யூட்டரை அணைக்காமலே ரேஷன் கடைக்குப் போய்விட்டு பதினொரு மணிக்குத் திரும்பினேன். வாசலிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. தறியில் ஆள் இல்லை. குறுக்கிழை ஓட்டும் நாடா பாவு நூல்களின் மேல் அப்படியே கிடந்தது. உள்ளே மாமனார் கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டு, போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். "ஆங், சரிங்க சார். சரிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

திரையில் அம்புக்குறி நகர்ந்தது. அவர் கை மவுஸில் இல்லை.

அது தானாகவே போய் ஒரு ஃபோல்டரைத் திறந்தது. மூடியது. அடுத்ததைத் திறந்தது. என் டிசைன்கள், இரண்டு வருட வேலை, வரிசையாக விரிந்தன. பிறகு பேங்க் பக்கம் திறக்க ஆரம்பித்தது. பாய்ந்துபோய்ச் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தேன். நெட் பெட்டியின் ஒயரையும் பிடுங்கினேன். திரை இருண்டது.

போனில் ஒருவன் எனக்கும் கேட்கும்படி சரளமான தமிழில் பேசினான். "ஐயா, ஏன் ஆஃப் பண்ணீங்க? ஆபாசப் படம் பார்த்த கேஸ் போலீசுக்குப் போயிடும். உடனே ஆன் பண்ணுங்க." போனை வாங்கித் துண்டித்தேன். உடனே மணி அடித்தது. துண்டித்தேன். மறுபடி அடித்தது. ஐந்தாவது முறைக்குப் பின் போனையே அணைத்து வைத்தேன்.

மாமனார் தரையில் உட்கார்ந்துவிட்டார். "கம்ப்யூட்டரு சைரன் மாதிரி கத்திச்சுமா. தறியிலேர்ந்து எந்திரிச்சு ஓடியாந்தேன். ஒரு நம்பரு போட்டிருந்துச்சு. போன் பண்ணாக்க, கெட்ட படமெல்லாம் இதுல இருக்குது, நாங்க அழிச்சிக் குடுக்குறோம்னான். அவன் சொன்னத இதுல எறக்கி, அதுல வந்த நம்பர அவனுக்குப் படிச்சுக் காட்டுனேன்."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே, மாமா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீ என்னைப் பத்தி இன்னா நெனச்சிக்கினு இருக்கேன்னு எனக்குத் தெரியாதாமா? நான் ஏதாச்சும் தெரியாம அமுக்கிட்டனோ இன்னாவோ. நீ வர்றதுக்குள்ள சரி பண்ணிட்லாம்னு பாத்தேன்."

முதலில் என் போனிலிருந்து பேங்குக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்தி வைத்தேன். பிறகு எங்களுக்குக் கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் பதறாமல் சொன்னார்: "நெட்டு குடுக்காம ஆன் பண்ணுமா. அவன் ஏத்துனத மொதல்ல எடுத்துப் போடு. அப்பறம் பிரவுசர்ல செட்டிங்ஸ் போயி நோட்டிஃபிகேஷன் பாரு. எந்தெந்த சைட்டுக்கு அலோ குடுத்திருக்குதுன்னு அங்க லிஸ்டு இருக்கும். பொட்டி பொட்டியா வர்றது அங்கேர்ந்துதான்."

அப்படியே செய்தேன். மாமனார் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஆள் ஏற்றியதை முதலில் நீக்கினேன். பட்டியலில் வாயில் நுழையாத பெயரில் நான்கு தளங்கள். ஒவ்வொன்றாக நீக்கினேன்.

"நான்தானாமா அலோ குடுத்தது?" என்று மெதுவாகக் கேட்டார்.

நானும் அதைத்தான் தேடினேன். எந்தெந்தப் பக்கம் எப்போது திறந்தது என்று பழைய தேதிகளில் பின்னோக்கிப் போனேன். முதல் தளம் ஒரு வியாழக்கிழமை வந்திருந்தது. அதற்கு இரண்டு நிமிடம் முன்னால் தேடிய சொல்: அன்னப்பட்சி. அந்த வியாழக்கிழமை மாமனார் ஊரிலேயே இல்லை. திருப்புட்குழியில் பங்காளி வீட்டுக் காரியத்துக்குப் போயிருந்தார்.

எல்லாம் நினைவுக்கு வந்தது. டிசைனுக்கு மாதிரியாக அன்னப்பட்சி ஓவியம் இலவசம் என்று ஒரு பக்கம். 'நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோவை அழுத்துங்கள்.' அவசரத்தில் அழுத்தியது நான். ஒன்றல்ல, அன்று ஒரே நாளில் நான்கு பக்கங்களில்.

அந்தப் பட்டியல் அவருக்குப் புரியாது. நான் பேசாமல் மூடிவிட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படி ஒரு எண்ணம் வந்ததையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஸ்டூலில் அவர் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"நீங்க இல்ல மாமா. நான்தான். உங்களைத் தப்பா நினைச்சிட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் எழுந்தார். "மணி ரெண்டாவுதுமா. பசிக்குது."

சோறு போட்டேன். இரண்டாம் முறை ரசம் ஊற்றப் போனேன், போதும் என்று கை காட்டினார்.

சாயங்காலம் கணவர் வந்ததும் அவர் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்றார்.

"சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

"பசிக்குதுன்னாரு."

கணவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சட்டையைக்கூட மாற்றாமல் முன்னறைக்குப் போய், தறிக்குப் பக்கத்தில் அப்பாவோடு உட்கார்ந்தார். நான் டிசைனை ஒருமுறை சரிபார்த்துக் கடைக்காரம்மாவுக்கு அனுப்பினேன். விளம்பரம் எதனால் வந்தது, யாரால் வந்தது என்பதையும் அதோடு சேர்த்து எழுதினேன்.