ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போன் போதும்

நேற்று மின்விசிறிக்குக் கிரீஸ் வைக்க எலக்ட்ரீஷியன் வந்திருந்தார். அவர் டப்பாவைத் திறந்ததும் எனக்குக் கம்ப்யூட்டர் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். கம்ப்யூட்டருக்குக் கிரீஸ் தடவிய ஆள் ஒருவன் எங்கள் வீட்டில் இருந்தான். என் அண்ணன் குணா.

இரண்டாயிரங்களின் நடுவில் நான் பிளஸ் ஒன் படித்தேன். அப்பாவும் அண்ணனும் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து ஒரே போட்டில் கடலுக்குப் போனார்கள். நானோ பள்ளிக்கூடம் விட்டதும் காரைக்காலில் ஒரு பிரௌசிங் சென்டரின் மாடிக்குப் போய்விடுவேன். அங்கே பையன்கள் கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைத்து, துப்பாக்கி விளையாட்டில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருப்பார்கள். கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். யூனிபார்ம், எண்ணெய் வழியும் தலை, இந்த லட்சணத்தில் அத்தனை பேரையும் சுட்டுத் தள்ளுவேன். வீட்டில் அடி வாங்கியே வளர்ந்தவளுக்கு, ஒரு பொத்தானை அமுக்கினால் எதிர்ச் சீட்டுப் பையன் அலறுவது எத்தனை பெரிய சுகம் தெரியுமா?

அப்பாவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். ஒருநாள் படியேறி வந்தார். சடையைக் கையில் சுற்றிப் பிடித்து, படியில் என் முழங்கால் தட்டத் தட்ட இழுத்துக்கொண்டு போனார். வீட்டில் நைலான் கயிறு காத்திருந்தது. “ஆம்பளப் பயலுவளோட ஒனக்கு என்னாடி வெளையாட்டு?” என்று கேட்டுக்கேட்டு அடித்தார். குறுக்கே வந்த அம்மாவுக்கும் விழுந்தது. என் முதுகுத் தோல் உரிந்து சட்டையோடு ஒட்டிக்கொண்டது.

அண்ணன் அந்த முதுகைப் பார்த்தான். பிறகு, “வெளிய போனாத்தான அடிக்கிறாரு? வூட்டுக்கே வாங்கிருவோம் பாப்பா. படிப்புக்குன்னு சொல்லிக்குவோம்” என்றான்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் பாகம் பாகமாக எடுத்து மேசைமேல் வைத்தார். அண்ணன் ஒவ்வொன்றையும் ஏலக்கூடத்தில் மீன் தூக்கிப் பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தான். கனமாக இருந்தால் நல்ல சரக்கு, அதுதான் அவன் கணக்கு. இருப்பதிலேயே தடித்த தகரத்தில் கேபினெட் எடுத்தான். மதர்போர்டை முகர்ந்துகூடப் பார்த்தான். கிராபிக்ஸ் கார்டு மட்டும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

“இத்துனூண்டு அட்டைக்கா இவ்ளோ வெல?”

கடைக்காரரும் அவனோடு சேர்ந்துகொண்டார். “தங்கச்சி, இது கேம் கார்டும்மா. படிக்கிறதுக்கு இது தேவப்படாது.”

சண்டைக்காரி நான், விடுவேனா? புது மானிட்டர் வேண்டாம், பழைய பெட்டி மானிட்டர் போதும், கார்டு கட்டாயம் வேண்டும் என்று கடையிலேயே மூக்கைச் சிந்தினேன். அண்ணன் கையைத் தூக்கிவிட்டான். “குடுத்துருங்கண்ணே. படிக்கத்தான் பள்ளிக்கொடம் இருக்கே. இது சுடுறதுக்கு.”

கடைசியாக ஸ்பீக்கர். துப்பாக்கிச் சத்தம் அப்பா காதில் விழுந்தால் படிப்பு என்ற பேச்சு அன்றோடு முடிந்தது. ஸ்பீக்கர் வேண்டாம், காதை நன்றாக மூடுகிற ஹெட்போன் போதும் என்றேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கடைக்காரர் சொல்லிக்கொடுத்தபடி நானே பூட்டினேன். ஒரு வாரம் ஓடிற்று. ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து பொத்தானை அமுக்கினால் உயிரே இல்லை. திறந்து ரேம் அட்டையைப் பிடுங்கினேன், மஞ்சளாக ஒழுகிற்று. கார்டின் பொன்னிறப் பற்கள் முழுக்க போட் எஞ்சின் கிரீஸ். “உப்புக்காத்து தின்னுப்புடும் பாப்பா. எஞ்சின் ஒயருக்கெல்லாம் இதத்தான தடவுறோம்” என்று அண்ணன் பெருமையாகச் சொன்னான். தலைமுடியைப் பிடித்து ஆட்டி, முதுகில் நாலு வைத்தேன். அடி வாங்கிக்கொண்டே சிரித்தான். துடைத்துத் துடைத்து மறுபடி உயிர் வந்தது. ஆனால் சூடேறினால் கிரீஸ் வாடை அடிக்கும். எனக்கு அதுவே பழகிப்போனது.

பிறகு மீன்பிடித் தடைக்காலம் வந்தது. அந்த நாட்களில் போட் கடலுக்குப் போகாது, அப்பா வீட்டிலேயே இருப்பார், காலையிலேயே சாராயக் கடைக்குப் போய் வருவார். ஊரில் பாதி வீட்டில் அப்போதுதான் மண்டை உடையும். ஒரு மத்தியானம் அவர் கூடத்தில் தூங்குகிறார் என்று நினைத்து நான் சுட்டுக்கொண்டிருந்தேன். காதில் ஹெட்போன். அவர் எழுந்து வந்ததோ, என் பின்னால் நின்று திரையைப் பார்த்ததோ, துடுப்பை எடுத்து வந்ததோ எதுவும் கேட்கவில்லை. மானிட்டர் வெடித்தபோதுதான் திரும்பினேன். கண்ணாடித் தூள் கன்னத்தில் ஏறியிருந்தது. அடுத்த வீச்சில் கேபினெட் நசுங்கியது. மூன்றாவதாக என் தலைக்கு நேராகத் துடுப்பு உயர்ந்தது.

வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன் ஓடிவந்து துடுப்பைப் பிடுங்கினான். அதன் கட்டையாலேயே அப்பாவின் தோளில் போட்டான். விழுந்தவரை ஏறி மிதித்தான். வாயிலிருந்து ரத்தம் வந்தும் நிறுத்தவில்லை. “பெத்தவர அடிக்காதடா பாவி” என்று அம்மா அவன் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். எனக்குப் பயமே இல்லை. சந்தோஷமாக இருந்தது. இன்னும் போடு, இன்னும் போடு என்று மனசு கத்தியது.

கோவில் முன்னால் ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. அப்பன்மேல் கை நீட்டியவன் ஊரறிய அவர் காலில் விழ வேண்டும், இல்லையென்றால் எந்தப் போட்டிலும் ஏறக் கூடாது. அதுதான் கட்டுப்பாடு. அண்ணன் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. “மொதல்ல அவர எந்தங்கச்சி காலுல வுழச் சொல்லுங்க” என்றான். கூட்டம் சிரித்தது. மறுநாளே கேரளத்து மீன்பிடித் துறைமுகம் ஒன்றுக்குப் போய்விட்டான்.

அன்றைக்குப் பிறகு அப்பா சாகும்வரை என்மேல் கை வைக்கவில்லை. நான் படித்தேன், வேலைக்குப் போனேன், இப்படி உட்கார்ந்து எழுதும் அளவுக்கு முதுகு நேராக இருக்கிறது. எல்லாம் அந்தத் துடுப்பால்தான்.

அண்ணன் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். இரண்டும் பெண்கள். போன மாதம் அண்ணி போன் செய்தாள். “நீங்க சொன்னாத்தான் கேப்பாரு” என்று ஆரம்பித்து அழுதாள். மூத்தவள் ராத்திரியெல்லாம் செல்போனில் யாரோடோ விளையாடுகிறாளாம். அண்ணன் பெல்ட்டைக் கழற்றி விளாசியிருக்கிறான். மல்லாந்து படுத்துத் தூங்க முடியவில்லையாம் அவளுக்கு.

நான் உடனே அவனுக்கு போன் போட்டேன். “பொம்பளப் புள்ளைக்கி என்னா வெளையாட்டு?” என்றான். குரல் அப்பாவுடையது. நான் கத்தினேன், வைத்துவிட்டான்.

அந்தப் பெண்ணுக்கு அண்ணன் இல்லை. எனக்கு இருந்தான்.