இறக்கத்தில் கூட வருகிறவர்

மலைமேல் இருக்கும் எங்கள் ராணுவப் பட்டறையில் லாரிகளுக்கு பிரேக் பார்ப்பவரை எல்லோரும் பிரேக் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். வேலை பார்த்தவனே முதல் ஓட்டத்தில் கூடப் போக வேண்டும் என்பது அங்கே வழக்கம். பழுது பார்த்த கையோடு, லாரி ஓட்டும் என் பக்கத்து இருக்கையில் ஏறிவிடுவார். மலையடிவாரம் வரை வருவார். வழியெல்லாம் நான் ஓட்டுவதில் நொட்டை சொல்வார். பின்னால் லாரி நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்குகிறவனுக்கு, அந்த நொட்டையைக் கேட்டால்தான் தைரியம்.

புதிதாக வந்த அதிகாரி அதை நிறுத்திவிட்டார். நேரம் வீணாகிறதாம். பட்டறையிலேயே சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் போதுமாம். அவர் என்றைக்கு லாரியில் மலை இறங்கினார்? அதன்பிறகு அண்ணன் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய பணிக்காலம் முடிய இருந்தது. நீட்டித்தால் பதவி உயர்வு, குடும்பத்தோடு இருக்கக் குடியிருப்பு. "வீடு கெடச்சா நாங்களும் வந்துடுவோம்ல, இன்னும் கொஞ்ச வருஷம் பல்லக் கடிச்சுட்டு இருங்களேன்" என்று அண்ணி போனில் கெஞ்சியது என் காதிலும் விழுந்தது.

அதிகாரி அவரைக் கூப்பிட்டபோது, வண்டிச் சாவியோடு நான் வாசலில் நின்றிருந்தேன்.

"இன்னும் என்னதான்யா வேணும் உனக்கு?"

"முன்ன மாதிரி வண்டியில கூடப் போக விடுங்க சார். இருந்துடறேன்."

"இவ்வளவுதானா? இதுக்குப் போயா?"

"அதுதான் சார் என் வேலை. மத்ததெல்லாம் நட்டு முடுக்கறது."

அதிகாரி சிரித்தார். பேச்சு அதோடு முடிந்தது.

பணியை நீட்டிக்காமல் அண்ணன் ஊருக்குக் கிளம்பிய அன்று, தான் கடைசியாகப் பார்த்த லாரியிலேயே வந்தார். சாதாரணச் சட்டை, காலடியில் தகரப் பெட்டி. ஒவ்வொரு வளைவிலும் அவர் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. நொட்டை ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. ரயில் நிலையத்தில் இறங்கி, சக்கரத்தருகே கையை வைத்துச் சூடு பார்த்தார்.

"சரியா இருக்கு. பாத்துப் போ."

"இனிமே யாருண்ணே எங்கூட வருவா?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை வேறொரு லாரி கொடுத்தார்கள். ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். இதற்கு பிரேக் பார்த்தது யார் என்று பட்டறையில் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.