அப்பா கேட்டாலும் கொடுக்கக் கூடாத கத்தி

போன மாதம் அப்பாவைக் கண் டாக்டரிடம் காட்டக் கோயமுத்தூருக்கு அழைத்துப் போயிருந்தேன். திரும்பும்போது பேரனுக்குச் சட்டை எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஒரு பெரிய கடைவளாகத்தில் நுழைந்தோம். வாசலில் சோதனை போட்ட பையன் அப்பாவின் சட்டைப்பையில் கை வைத்தவுடனே நின்றுவிட்டான். உள்ளே மடக்குக் கத்தி.

"ஐயா, எதுக்குங்க இது?" என்று கேட்டான்.

"கொய்யாப் பழம் அரியறதுக்குங்க" என்றார் அப்பா, கேட்கவே தேவையில்லாத கேள்வி என்பதைப் போல.

கத்தியை வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லிப் பையன் கையை நீட்டினான். அப்பா அந்தக் கையில் கொடுக்கவில்லை. பக்கத்து மேஜைமேல் வைத்தார். அவன் எடுத்துக்கொண்டான். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஆகாமல் போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். முன்பின் தெரியாத காவல்காரப் பையனோடு அப்பாவுக்கு என்ன உறவு கெட்டுவிடப் போகிறது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அப்பா இதில் ஆள் பார்ப்பதில்லை. எனக்குத் தெரிந்து ஒரே ஒரு முறைதான் மீறியிருக்கிறார். அது என்னிடம்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் நானும்தான். கத்தியை நான்காவது ஆளாகச் சேர்த்துக்கொண்டாலும் தவறில்லை. பித்தளை ஆணி அடித்த மரப்பிடி, அதற்குள் மடங்கிக்கொள்ளும் ஒற்றை அலகு. நகத்தை வைத்து நெம்பினால் திறக்கும். மூடும்போது டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். சொட்டுநீர் டியூப் வெட்டுவது, மோட்டார் ஒயரின் தோலைச் சீவுவது, என் பென்சிலைக் கூராக்குவது எல்லாம் அதில்தான். குளிக்கப் போனால் துண்டோடு கத்தியும் போகும். அந்தச் சத்தம் கேட்டால் அப்பா எந்தத் தென்னைக்குப் பின்னால் இருக்கிறார் என்று சொல்லிவிடுவேன்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. கிணறு வற்றியது. மட்டைகள் பழுத்துத் தொங்கின. மோட்டாரை நிறுத்திய பிறகு அப்பாவின் பேச்சும் நின்றுபோனது. மழை இல்லாததால்தான் அப்படி ஆனார் என்று ஊரில் சொன்னார்கள். அக்கம்பக்கத்துத் தோப்புகளுக்கும் அதே வானம்தான், அந்த வீட்டு ஆண்கள் வழக்கம்போலச் சண்டை போட்டுக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும்தான் இருந்தார்கள். அப்பா மட்டும் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். கூப்பிட்டால் கொஞ்சம் கழித்துத்தான் திரும்புவார்.

அம்மா வீட்டைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தாள். அப்படித்தான் நான் நினைத்தேன். மோட்டார் ரூமில் இருந்த பூச்சி மருந்து டப்பாக்கள் காணாமல் போயின. மாடும் கன்றும் கயிற்றோடு மாமா வீட்டுக்குப் போயின. ஸ்கூட்டர் சாவி அம்மாவின் இடுப்புக்கு ஏறியது. அரிவாள்மனைகூட இல்லை. தினமும் காலையில் காய்களை ஒரு போசிப் பாத்திரத்தில் போட்டுப் பக்கத்துத் தோட்டத்து அக்காவிடம் அரிந்து வாங்கிவர என்னை அனுப்பினாள்.

"ஏம்மா, நம்முளுது என்னாச்சு?" என்று கேட்டேன்.

"மொண்ணையாப் போச்சு கண்ணு" என்றாள்.

அக்கா வீட்டுக்குப் போனால் எங்கள் அரிவாள்மனையில்தான் அவர் அரிந்துகொண்டிருப்பார். முருங்கைக்காய் ஒரே இழுப்பில் துண்டாகும். இவ்வளவு கூரான சாமானை மொண்ணை என்று அம்மா தானம் செய்துவிட்டாளே, இவளுக்கு விவரமே போதாது என்று நினைத்துக்கொண்டே போசியைத் தூக்கிவருவேன். அம்மா இப்படி வீட்டிலுள்ள எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினாள். அப்பாவின் பையில் இருந்த கத்தியை மட்டும் அவளால் கேட்க முடியவில்லை. கேட்டால் எதற்கென்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை வாயால் சொல்ல அவளுக்குப் பயம்.

ஒரு நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அப்பா கட்டிலை விட்டு எழுந்து வந்தார். பையிலிருந்து கத்தியை எடுத்தார். அவர் கீழே வைப்பார், எடுத்துக்கொள்ளலாம் என்று நான் குனிந்தேன். அவர் என் கையைப் பிடித்து உள்ளங்கையில் கத்தியை வைத்து விரல்களை மூடினார்.

"அம்மணி, இது உங்கூடயே இருக்கட்டும். ஆரு கேட்டாலும் குடுக்காத. நாங்கேட்டாலும் குடுக்காத."

"கையில குடுத்தா ஆகாதுங்களேப்பா" என்றேன்.

"ஒண்ணும் ஆகாது. வெச்சுக்கோ."

என் பெருமையை எப்படிச் சொல்வது. எங்கள் வகுப்பில் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் காம்பஸ் வைத்திருந்தவர்கள் உண்டு, அப்பாவின் கத்தியை வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். டீச்சருக்குத் தெரியாமல் தோழிகளுக்குக் காட்டினேன். தொட்டுப் பார்க்க விட்டேன், திறக்க விடவில்லை. அப்பா என்னைப் பெரிய மனுஷியாக மதித்துவிட்டார் என்று நினைத்தேன். அவருடைய சட்டைப்பை தட்டையாகத் தொங்குவதைப் பார்த்து எனக்குத் துளிகூட வருத்தம் வரவில்லை.

பிறகு ஒரு மத்தியானம், சாப்பாட்டு மணி அடித்ததும் கேட்டுக்கு வெளியே அப்பா நிற்பதைப் பார்த்தேன். நல்ல வெயில். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. காலில் செருப்பு இல்லை. தோப்பிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். என்னவோ தின்பதற்கு வாங்கிவந்திருக்கிறார் என்று நினைத்து டிபன் பாக்ஸும் கத்தி இருந்த ஜாமெட்ரி பாக்ஸுமாக ஓடினேன். அவர் கை வெறும் கையாக இருந்தது.

"அந்தக் கத்தியக் குடு அம்மணி" என்றார்.

"எதுக்குங்கப்பா?"

"டியூப் வெட்டோணும்."

தண்ணீரே இல்லாத தோப்பில் என்ன டியூப் என்று எனக்கே தெரியும். இது பரீட்சை என்று புரிந்துகொண்டேன். எனக்கு நெஞ்செல்லாம் குறுகுறுத்தது.

"நீங்கதானுங்கப்பா குடுக்கக் கூடாதுன்னீங்க" என்றேன்.

"இப்ப நானே கேக்கறேன்."

"நீங்க கேட்டாலுந்தான் குடுக்கக் கூடாதுன்னீங்க."

அப்பா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். "குடு சாமி" என்று இன்னொரு முறை கேட்டார். குரல் அவருடையதாக இல்லை. அந்தக் குரலைக் கேட்டு ஒரு கணம் கொடுத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் ஜெயிக்கப் போகிற நேரத்தில் யார் விட்டுக்கொடுப்பார்கள். "முடியாதுங்க" என்று சிரித்தேன்.

அவருடைய தோள் இறங்கியது. "செரி" என்றார். கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த புங்கமரத்தடியில் அப்படியே உட்கார்ந்தார். நானும் வெளியே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். தக்காளிச் சோறு. ஒரு வாய் எடுத்து நீட்டினேன், வாங்கிக்கொண்டார். இன்னொரு வாய் நீட்டினேன், அதையும் வாங்கிக்கொண்டார். அவர் கண்ணில் நீர் வழிந்தது. மிளகாய் கடிபட்டுவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தோட்டத்து அக்காவின் மொபெட் வேகமாக வந்து நின்றது. பின்னால் அம்மா. தலை அவிழ்ந்து கிடந்தது. பல ராத்திரிகளாகத் தூங்காதவள் அன்றைக்குக் கொஞ்சம் கண்ணசந்துவிட்டாளாம். வண்டியிலிருந்து இறங்கியவள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சோற்றைப் பார்த்தாள். தெருவென்றும் பார்க்காமல் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "ஏனுங்க" என்று மட்டும் சொன்னாள்.

"பாப்பா குடுக்கமாட்டேன்னுட்டா" என்றார் அப்பா.

என்னைப் பற்றிப் புகார் சொல்கிறார் என்று நினைத்தேன். அம்மா திட்டப் போகிறாள் என்று ஜாமெட்ரி பாக்ஸைப் பின்னால் மறைத்தேன். அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மூச்சு முட்டியது.

அந்த வாரமே மாமா வந்து அப்பாவைக் கோயமுத்தூருக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். அப்பாவுக்கு ராத்திரியில் தூக்கம் வருவதில்லை, அதற்கு மாத்திரை என்று என்னிடம் சொன்னார்கள். மாத்திரைகள் நெடுநாள் தொடர்ந்தன. நடுவில் மழையும் பெய்தது. மழையால்தான் சரியாயிற்று என்று அதே ஊர் சொன்னது. அரிவாள்மனை வீடு திரும்பியது. அடுத்து மாடு வந்தது. கன்று வளர்ந்து அடையாளமே தெரியவில்லை.

கத்தி கடைசியாகத்தான் திரும்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா மரத்திலிருந்து கொய்யாவைப் பறித்துக்கொண்டு வந்து, "அம்மணி, கத்தி வெச்சிருக்கறயா?" என்று கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் வெகுநேரம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். நான் ஓடிப்போய்க் கத்தியை எடுத்துவந்து தரையில் வைத்தேன். அப்பா குனிந்து எடுத்தார், திறந்தார், கொய்யாவை நறுக்கி முதல் துண்டை அம்மாவிடம் கொடுத்தார். டக்கென்று மூடிப் பையில் போட்டுக்கொண்டார். இனிமேல் பள்ளியில் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லையே என்று எனக்கு அழுகையாக வந்தது.

எங்கள் தோப்பிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வரும் வழியில் பூச்சி மருந்தும் விற்கும் ஓர் உரக்கடை இருந்தது. அதை ஒட்டி இரும்புச் சாமான் கடை. அரிவாளும் கத்தியும் வாசலிலேயே கொத்தாகத் தொங்கும். இரண்டு கடைக்காரர்களும் அப்பாவுக்கு நல்ல பழக்கம். கேட்டதை எடுத்துக் கொடுத்திருப்பார்கள். அந்த வெயிலில், செருப்பில்லாத காலோடு, அவர் இரண்டு கடைகளையும் தாண்டி, தரமாட்டேன் என்று சொல்லப்போகிற ஒரே ஆளைத் தேடி நடந்து வந்திருக்கிறார். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அவ்வளவு தூரம் வந்தவர் தின்பதற்கு ஒன்றும் வாங்கிவரவில்லை என்பதுதான்.