கேசட்டில் படம் காட்டியவர்

“ஊசி இறங்குது. கொக்கி வருது. வந்துருச்சு. நூலைப் பிடிக்கல. பாத்தீங்களா? திரும்ப இறங்குது…”

“அண்ணே, எனக்கும் கண்ணு இருக்கு,” என்கிறார் மெஷினைக் கொண்டுவந்த தையல்காரப் பெண். பழுது பார்ப்பவரின் காதில் அது ஏறவில்லை. சக்கரத்தை இன்னொரு முறை கையால் சுற்றி, கொக்கி நூலைத் தவறவிடுவதை முதலிலிருந்து சொல்கிறார். தெருவில் அவருக்குக் கமெண்ட்ரி என்று பெயர். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு வெளியே நடப்பது முழுவதையும் சொல்லிக்கொண்டே வருவார், அவருக்கும் அதே ஜன்னல்தான் என்றாலும். வயது அறுபத்தாறு. கழற்றிய திருகாணிகளை இடது உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, அந்தக் கையாலேயே டீயும் குடிப்பார். ஒரு திருகாணிகூட இதுவரை தொலைந்ததில்லை.

இந்தப் பழக்கம் தொடங்கிய இடத்துக்குப் பதின்மூன்று கேசட்டுகள் சாட்சி. கல்யாணமான புதிதில் தொலைக்காட்சியில் ஒரு துப்பறியும் தொடர் வந்தது. தபால் நிலையம் ஒன்றில் கடிதங்கள் காணாமல்போகிற கதை. புதன்கிழமை மாலை ஏழு மணி. மனைவி நர்ஸ். புதன்கிழமை என்றால் மாலை டியூட்டி. விளம்பரத்தைப் பார்த்த அன்றே அவர் முகம் தொங்கிப்போனது. கமெண்ட்ரி டேப்ரெக்கார்டரின் மைக்கைத் திரைச்சீலைக் கம்பியில் கட்டி, டிவிப் பெட்டியின் ஒலிபெருக்கிக்கு நேராகத் தொங்கவிட்டார். வசனம் பதிவாகும், சரி. படம்? வசனம் நிற்கிற இடத்திலெல்லாம், “இப்ப கதவைத் திறக்குறான். கையில டார்ச்” என்று மைக்கில் கிசுகிசுத்தார். வியாழன் காலையில் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே தொடரைப் ‘பார்த்தார்’.

அந்த வர்ணனையை உயர்ந்த ரகம் என்று சொல்லிவிட முடியாது. பிடிக்காத ஆள் திரைக்கு வந்தால் “வந்துட்டான் மூதேவி” என்பார். ஐந்தாம் பகுதியில் ஒரு மேசை விளக்கையே பாதி நேரம் வர்ணித்திருக்கிறார். ஆனால் ஒரு வசனத்தின் மேல்கூட அவர் குரல் விழவில்லை. ஒருவர் பேசி முடிக்கும்வரை வாயை மூடிக் காத்திருக்கும் அந்தப் பொறுமையை அதன் பிறகு அவரிடம் கண்டதே இல்லை என்பது மனைவியின் வாக்குமூலம்.

தொடரின் படநாடாக்களைத் தொலைக்காட்சி நிலையம் எப்போதோ அழித்து, அவற்றின் மேல் விளையாட்டுப் போட்டிகளைப் பதிந்துவிட்டது. நாடாவுக்கே தட்டுப்பாடாக இருந்த காலம். சென்ற ஆண்டு, பழைய ஒளிபரப்புகளின் ஒலியை வீட்டில் யாராவது பதிந்து வைத்திருந்தால் தரும்படி ஒரு காப்பகம் கேட்டது. சத்தம்தானே, கொடுத்துவிட்டுப் போவோம் என்று கமெண்ட்ரி பதின்மூன்றையும் துணியில் சுற்றி எடுத்துப்போனார். அதைக் கேட்ட காப்பகத்துப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. தொடரின் ஒலி முழுவதும் இருக்கிறது. போதாததற்கு, படத்தில் என்ன தெரிந்தது என்ற விவரமும்! ஓவியரை வைத்துக் காட்சிகளை வரைந்து, ஒலியோடு கோத்துவிடலாம்.

நான்கு மாதத்தில் அந்தப் பெண் ஓவியங்களோடு கமெண்ட்ரியின் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“சார், உங்க வீட்ல அப்ப கருப்பு வெள்ளைப் பெட்டிதானே? ‘மஞ்சள் சட்டைக்காரன்’னு சொல்றீங்களே?”

“மஞ்சள் சட்டை போட்டவன்தாம்மா அப்படி நடப்பான்.”

அந்தப் பெண் சிரித்து, சட்டையைச் சாம்பல் நிறமாக்கும்படி குறித்துக்கொண்டு, கடைசிப் படத்தை மேசைமேல் வைத்தார். தபால் அதிகாரியின் தங்கை, தனக்கு வந்து பல வருடம் மறைந்திருந்த கடிதத்தைப் பிரிக்காமலே ஜன்னலோரம் வைத்துவிட்டுச் சிரிக்கிறாள். ஒலியில் இருப்பது நாற்காலி நகரும் சத்தமும் இசையும்தான். மீதியெல்லாம் கமெண்ட்ரியின் வாய்ச்சொல்.

“ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா, இதுதான் முடிவுன்னு பதிவாயிடும் சார்.”

மனைவி எட்டிப் பார்த்தார். “அப்படியே இருக்கு! எத்தனை தடவை கேட்டிருப்பேன். போடுங்க.”

கமெண்ட்ரி பேனாவின் மூடியைத் திறந்தார்; மூடினார். போட்டால் ஒரு பொய் ஆவணமாகிவிடும். போடாவிட்டால் முப்பத்தெட்டு வருடத்துச் சங்கதி மனைவிக்கு முன்னால் அம்பலமாகும். ஓடாத மெஷினை ஓடுகிறது என்று சொல்லிக் கொடுத்தனுப்பி அவருக்குப் பழக்கமில்லை.

“அன்னிக்குக் கடைசி நாலு நிமிஷம் படம் போயிடுச்சும்மா. திரை நடுவுல ஒரே ஒரு வெள்ளைக் கோடு. சத்தம் மட்டும் வந்துது.”

“அப்போ அவ சிரிச்சது?” மனைவியின் குரல்.

“நான்தான் சிரிக்க வெச்சேன். பதிமூணு வாரம் காத்திருந்த உன்கிட்ட, கோடு தெரிஞ்சுதுன்னா சொல்றது?”

“அடப் பாவி மனுஷா! அவ அழுதான்னு மூணாவது வார்டு நர்ஸ் அக்கா சொன்னாங்களே! அன்னிக்கு லீவு போட்டுக் கண்ணால பாத்தவங்க. ‘எங்க வீட்டுக்காரர் இல்லாததைச் சொல்ல மாட்டார்’னு அவங்ககிட்ட சண்டை போட்டு ஆறு மாசம் பேசாம இருந்தேனே!”

“அது எனக்குத் தெரியாதே.”

“தெரிஞ்சிருந்தா மட்டும்? அதுக்கும் ஒரு கதை விட்டிருப்பீங்க.”

காப்பகத்துப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அந்த அக்கா இப்ப எங்கம்மா இருக்காங்க?”

“எங்க போவாங்க? பேரப் பிள்ளைங்களை மிரட்டிக்கிட்டு வீட்லதான்.” சொல்லும்போதே மனைவி போனைக் கையில் எடுத்தாயிற்று.

‘கடைசி நான்கு நிமிடம் படம் தெரியவில்லை. சொன்னது என் கற்பனை’ என்று படிவத்தில் எழுதி, கமெண்ட்ரி கையெழுத்திட்டார். எழுத்து கோணலாக வந்தது. முகம் என்னவோ குளித்துவிட்டு வந்ததுபோல் இருந்தது.

“அப்போ இந்தப் படம் ரத்து. அவங்க சொல்றதை வெச்சு வேற வரையணும்,” என்ற காப்பகத்துப் பெண், சிவப்புப் பேனாவைத் தேடிப் பைக்குள் குனிந்தார்.

மனைவி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். “அக்கா, நான்தான். நீங்க ஜெயிச்சுட்டீங்க. ஆமாக்கா, அழுதாதான், அழுதாதான்…” என்று சொல்லிக்கொண்டே, சிரிப்பவளின் படத்தை மேசையிலிருந்து மெல்ல உருவி, சோபா மெத்தைக்கு அடியில் செருகினார்.

கமெண்ட்ரி எழுந்துபோய் அந்த மெத்தைமேல் உட்கார்ந்துகொண்டார்.