விரலுக்குத் தெரிந்த பூ

அன்றைக்கு அம்மன் சன்னதியில் இருந்தது ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், அனந்தபுரத்திலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா, பூசாரி, ஐந்தாவதாக அம்மன். அம்மனைக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டால், அவளிடம்தான் கேள்வி கேட்கப் போயிருந்தோம். பதில் சொல்ல வேண்டியவளை விட்டுவிட்டு எண்ணினால் எப்படி?

கேள்வி இதுதான். என் வீட்டுக்காரருக்கு முதுகில் ஆப்பரேஷன் செய்யலாமா, வேண்டாமா?

அவர் செஞ்சி நெல் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தூக்கிய முதுகு. ஒரு நாள் மூட்டைக்குக் குனிந்தவர் நிமிரவில்லை. அதற்குப் பிறகு இடது கால் கொஞ்சம் கொஞ்சமாக மரத்துக்கொண்டே வந்தது. செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாமல் நாலு கடை தாண்டி வந்துவிடுவார். பின்னால் வருகிறவர்கள் யாராவது செருப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்து கொடுப்பார்கள். பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், ஜவ்வு நழுவி நரம்பை அழுத்துகிறது, தள்ளிப் போட்டால் கால் செயல்படாமல் போய்விடும் என்றார்.

"செஞ்சா நடப்பாரா சார்?"

"நடக்கறதுக்குத்தாம்மா செய்யறோம்."

"கட்டாயம் நடப்பாரா?"

"கட்டாயம்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டாங்கம்மா. நல்லா ஆவறவங்கதான் அதிகம்."

அதிகம் என்றால் ஆகாதவர்களும் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? பஸ்ஸில் செஞ்சி வந்து சேருகிற வரைக்கும் அந்த ஆகாதவர்களைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன். என் சுபாவம் அது. எனக்கு எதற்கும் ஒரு அடையாளம் வேண்டும். காலையில் முதல் போணி யார் கையால் ஆகிறது என்று பார்ப்பேன். ஒரு விஷயத்தை நினைக்கும்போது பல்லி கத்தினால், எந்தப் பக்கமிருந்து கத்தியது என்று திரும்பிப் பார்ப்பேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். படித்திருந்தால் இந்தப் பயம் போயிருக்கும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்புறம், எங்கள் கோயிலுக்கு வருகிற வாத்தியார்களையும் ஆபீசர்களையும் பார்த்த பிறகு அப்படி நினைப்பதை விட்டுவிட்டேன்.

கோட்டைக்குப் போகிற ரோட்டில், மலை அடிவாரத்தை ஒட்டிய சின்ன அம்மன் கோயில் அது. வாசலில் பூ விற்கிறேன். அந்தக் கோயிலில் பூ கேட்கிற வழக்கம் உண்டு. ஒரு பொட்டலத்தில் செவ்வரளி, ஒரு பொட்டலத்தில் நந்தியாவட்டை. இரண்டையும் ஒரே மாதிரி மடித்துக் கட்டிக் கொடுத்தால், பூசாரி அம்மன் மடியில் வைத்து எடுத்துக் குலுக்கி, தட்டில் வைத்து நீட்டுவார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம். மற்ற ஊர்களில் சின்னக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். இங்கே கேட்கிறவர்களேதான் எடுக்க வேண்டும். பொட்டலம் கட்டிய கை எடுக்கக் கூடாது.

அந்தப் பொட்டலங்களைக் கட்டிக் கொடுப்பது நான்தான். பொண்ணு பார்க்கலாமா, நிலம் வாங்கலாமா, துபாய் போகலாமா என்று எல்லாக் கேள்வியும் என் கை வழியாகத்தான் உள்ளே போகும். திரும்பி வருகிற முகங்களைப் பார்ப்பது எனக்கு ஒரு ஆர்வம். சிவப்பு வந்தவர்களில் பல பேர் அடுத்த வெள்ளிக்கிழமை அதே கேள்வியோடு வந்து இன்னொரு தடவை கட்டச் சொல்வார்கள். ஒருத்தர் வெள்ளை வருகிற வரைக்கும் விடாமல் வந்தார். வெள்ளை வந்ததும் வெளியே வந்து என்னிடம், "பூசாரி இன்னிக்கி சரியா குலுக்கலியோம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. நாமும் இப்படித்தானே என்று தோன்றியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

அண்ணிக்கு, அதாவது அவருடைய அக்காவுக்கு, ஆப்பரேஷன் என்ற வார்த்தையே ஆகாது. அம்மா இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். சேதி கேட்ட அன்றைக்கே பஸ் ஏறி வந்துவிட்டார்.

"எங்க ஊர்ல ஒருத்தன் முதுக வெட்டிக்கினான்டா. இன்னிக்கி வரைக்கும் கட்டில்லதான் கெடக்கறான். அம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கினு செய்."

"அவள இன்னாத்துக்குக்கா கேக்கறது? எனக்கு முதுவு வலிக்குதுன்னு அவளுக்குத் தெரியாதா?"

"கேட்டா இன்னா கொறஞ்சிடும்?"

"சாமிக்கே பரீட்ச வைக்கச் சொல்றியா? நானே அஞ்சாங்கிளாஸ்ல பெயிலு. நான் பேப்பர் திருத்தவா?"

அண்ணி அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "அவன் கெடக்கறான் கண்ணு. நீ கேளு. ஆனா பொட்டலம் நீ கட்டாத, நான் கட்டியாரேன். கட்டுன கை எடுக்கக் கூடாது இல்ல?"

நான் ஒத்துக்கொண்டேன். மனசுக்குள் எனக்கும் கேட்க வேண்டும் என்றுதான் இருந்தது. டாக்டர் சொல்லாத அந்தக் கட்டாயத்தை யாராவது சொல்ல வேண்டும். யார் சொன்னாலும் சரி.

ஆக, அந்த ஐந்து பேர். என் வீட்டுக்காரர் நிற்க முடியாமல் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அண்ணி கொண்டு வந்த பொட்டலங்களைப் பூசாரி அம்மன் மடியில் வைத்தார், கற்பூரம் காட்டினார், குலுக்கினார், தட்டை என் முன்னால் நீட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தேன்.

முதலில் பட்ட பொட்டலம் விரலை எதிர்த்துக்கொண்டு நின்றது. அரளி. அதன் காம்பும் மொட்டும் எத்தனை காகிதத்துக்குள் இருந்தாலும் விறைப்பாகத்தான் இருக்கும். அடுத்தது, தொட்டதும் அமுங்கிக் கொடுத்தது. நந்தியாவட்டை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் தடவவில்லை. விரல் பாட்டுக்குத் தெரிந்துகொண்டது.

கையை எடுத்துவிட்டேன். வெள்ளையை எடுத்தால் போதும், அண்ணி ஒத்துக்கொள்வார், நாளைக்கே பாண்டிச்சேரிக்குப் போகலாம். ஆனால் அது அம்மன் சொன்னதா, நான் சொன்னதா? முதலில் விரல் பட்டது சிவப்பில்தானே, ஒருவேளை அதுதான் பதிலோ? இல்லை, விரல் பட்டது கணக்கில் சேருமா, கையில் எடுத்தால்தான் சேருமா? ஒரு நிமிஷத்துக்குள் இத்தனை ஓடியது.

"எடும்மா, நட சாத்தணும்" என்றார் பூசாரி.

"என்னால முடியாதுங்க. எனக்குத் தெரியுது."

"இன்னா தெரியுது?" என்றார் அண்ணி.

"எதுல எதுன்னு. பேப்பர் மேலயே தெரியுது அண்ணி."

"எப்படிடீ தெரியும்? மூணு பேப்பர் போட்டு லட்டு மாதிரி சுத்தியாந்தேனே!"

பூசாரி சிரித்துவிட்டார். "பூக்காரி கைக்கிட்ட பூவ மறைக்க முடியுமாம்மா?"

"அப்போ யார வெச்சிதான் கேக்கறது? கட்டுன கை எடுக்கக் கூடாது, இவ கை தொட்டாலே கண்டுபுடிக்குது, அவனோ கேக்கவே மாட்டேங்கறான்!"

அதற்குள் என் வீட்டுக்காரர் தூணைப் பிடித்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். தட்டிலிருந்த இரண்டு பொட்டலத்தையும் எடுத்தார். நூலைப் பிரித்தார். ஒவ்வொரு காகிதமாக உரித்துப் போட்டார். சிவப்பும் வெள்ளையும் அவர் உள்ளங்கையில் ஒன்றாகக் கிடந்தன. அப்படியே பூசாரியிடம் நீட்டினார்.

"ரெண்டயும் அம்மா கால்ல போடுங்க."

"கேள்வி இன்னாப்பா ஆச்சி?"

"கேள்வியெல்லாம் ஒண்ணும் இல்ல. பூ கொண்டாந்தோம், அவ்ளோதான்."

பூசாரி இரண்டையும் வாங்கிக்கொண்டார். பிறகு போட்டார். அம்மன் காலடியில் சிவப்பு எது, வெள்ளை எது என்று நன்றாகவே தெரிந்தது. ஆனால் அவற்றுக்கு அர்த்தம் எதுவும் இல்லை. வெறும் பூ. இத்தனை வருஷம் பூ விற்ற எனக்கு அது புதிதாக இருந்தது. அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்ட கையாலேயே தட்டிலிருந்து விபூதியை அள்ளி, தம்பி சட்டையைத் தூக்கி, முதுகில் பூசிவிட்டார். "பண்ணிக்கோ. இன்னாவோ பண்ணிக்கோ."

ஆப்பரேஷன் செலவு காப்பீட்டு அட்டையில் போய்விடும் என்றார்கள். போக வர, தங்க, வெளியில் வாங்குகிற மருந்துக்கு, அவர் படுத்திருக்கிற மாதங்களில் சாப்பாட்டுக்கு? மறுநாள் காலையில் நைனார் பூ வாங்க வந்தார். எங்கள் பக்கத்துத் தமிழ் ஜைனர்களை நைனார் என்றுதான் கூப்பிடுவோம். இவர் பஜாரில் அரிசிக் கடை வைத்திருக்கிறார். வீட்டுப் பூஜைக்குத் தினமும் என்னிடம்தான் பூ. கோயிலில் நடந்ததைச் சொல்லிவிட்டு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததையும் கேட்டேன்.

"நைனாரே, உங்க சாமிகிட்ட நீங்க எப்படிக் கேப்பீங்க?"

"கேக்க மாட்டோம்."

"ஒண்ணுமேவா?"

"அவரு எல்லாத்தயும் விட்டுட்டுப் போனவரும்மா. விட்டுட்டுப் போனவரப் புடிச்சி அதக் குடு இதக் குடுன்னா நல்லாவா இருக்குது? எங்கள்லயும் கேக்கறவங்க இருக்காங்க, அதுக்கு வேற அம்மன் இருக்குது. நான் கேக்கறதில்ல."

"அப்புறம் எதுக்குத் தெனம் பூ?"

அவர் பூவை முகர்ந்து பார்க்காமல் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: "போடணும்னு இருக்குது. போடறேன்."

நான் பணம் கேட்கவில்லை. அவரே சாயந்திரம் ஒரு மஞ்சள் பையில் நாற்பதாயிரம் கொண்டுவந்து கொடுத்தார். வட்டி வேண்டாம் என்றார். பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். சாட்சிக்கு யாரையாவது கூப்பிடவா என்றேன்.

"நீ எங்க பூக்காரம்மா ஓடிடப் போற? கோட்ட மேலயா? ஏறிடுவியா நீ?" என்று மலையைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனார்.

ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் சாயந்திரம், வார்டில் அவருக்கு இட்லி பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, உங்களுக்கு பயமா இல்லயா?"

"பயமாத்தான் இருக்குது."

"அப்புறம் அன்னிக்கி அம்மா காப்பாத்துவான்னு எப்படி அவ்ளோ தைரியமா இருந்தீங்க?"

"காப்பாத்துவான்னு நான் எப்ப சொன்னேன்? கால் வராமயும் போவலாம்."

"அப்போ?"

"வரலன்னாலும் அவ எங்க போயிடுவா? கூடத்தான் இருப்பா. நீ சட்னி ஊத்து."

இதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கை கொடுக்காவிட்டாலும் கூட இருப்பாள் என்றால், அதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படி நிம்மதியாகச் சட்னி தொட்டு இட்லி சாப்பிட முடியும்? ஆனால் அவர் சாப்பிட்டார். என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் அவரை உள்ளே கொண்டுபோன பிறகு, ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெயின்ட் அடித்த சுத்தமான சுவர். ஏசி. அடையாளம் சொல்ல ஒரு பல்லிகூட இல்லை. வேறு வழியில்லாமல், "அம்மா, பூ கொண்டாந்தோம்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேள்வி இல்லாமல் சாமியிடம் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. இரண்டு தடவை நடுவில் கேள்வி வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

கால் வந்தது. முழுசாக வரவில்லை. கட்டைவிரல் அசைகிறது, செருப்பு கழன்றால் தெரிகிறது, பாதம் மட்டும் கொஞ்சம் இழுக்கிறது. அண்ணி இதை அம்மன் செய்த அற்புதம் என்கிறார். என் வீட்டுக்காரர் டாக்டர் செய்தது என்கிறார். "ஏன், டாக்டருக்கு கை குடுத்தது யாரு?" என்று அண்ணி விடுவதில்லை. என்னைக் கேட்டால், இது எந்தப் பூ என்று எனக்குத் தெரியவில்லை. விரல் வைத்துப் பார்க்கிற மாதிரியும் இல்லை.

இனி மூட்டை தூக்க முடியாது. கோயில் வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டப் பழகுகிறார். மண்டியில் மூட்டை வாய் கட்டிய கை, முடிச்சை அப்படி இறுக்குகிறது. "இது சாமிக்கா, லாரிக்கா?" என்று கேட்கிறார்கள். பூ கேட்க வருகிறவர்களுக்கு நான் இன்னும் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறேன். அவர்களுக்கு அது வேண்டியிருக்கிறது. எனக்கும் சில நாள் வேண்டியிருக்கிறது. கட்டும்போது, இவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வேன்.

நைனாருக்குக் கொடுக்கக் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றால் என் வீட்டுக்காரர் விடுவதில்லை. பஸ் ஏறவும் மாட்டார். கோயிலிலிருந்து பஜார் வரைக்கும் பாதத்தை இழுத்து இழுத்து, வழியில் டீக்கடையில் ஒரு தடவை உட்கார்ந்து, தானே நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருகிறார். அவர் திரும்பி ரோட்டு வளைவில் தெரிகிற வரைக்கும் எனக்கு இருப்பு கொள்ளாது. போன வெள்ளிக்கிழமையும் போய் வந்தார். எவ்வளவு மீதி என்று நைனார் கேட்கவே இல்லையாம். அவர் கேட்காததால் நான்தான் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இன்னும் பதினேழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.