பன்னிரண்டாவது குழி

சுயம்புராஜ் ஓரிடத்தில் அடங்கி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கல்யாணப் பந்தியில்கூடப் பாயசம் வருவதற்குள் இரண்டு தடவை எழுந்துவிடுவார். "அவியளுக்கு மூலம்" என்று மனைவி பகவதி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். மூலமும் இல்லை, ஒன்றும் இல்லை. பதினான்கு வருஷமாக மனதுக்குள் ஒரு பொய் கிடந்து குத்திக்கொண்டிருந்தது.

குலசேகரத்துக்குத் தெற்கே ஒரு கல்குவாரியில் இருபது வருஷம் வெடி வைத்தவர் அவர். பாறையில் குழி துளைத்து, மருந்து நிறைத்து, திரியைக் கொளுத்திவிட்டு ஓடி மறைய வேண்டும். மறைந்து நின்று சத்தத்தை எண்ண வேண்டும். கொளுத்தியது எத்தனையோ அத்தனையும் கேட்டால்தான் சிவப்புக் கொடியை இறக்கலாம். ஒன்று குறைந்தாலும் பாறைப் பக்கம் ஒருவரும் போகக்கூடாது. அப்படிக் குறைவது வெடிக்காரனுக்குப் பெரிய அவமானம். சுயம்பு வைத்த வெடி வெடிக்காமல் போகாது என்று அந்த வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டதே அவர்தானோ என்னவோ.

குவாரியின் கடைசி நாளில் வடக்குப் பாறையில் பன்னிரண்டு கொளுத்தினார். பதினொன்றுதான் கேட்டது. "எல்லாம் போச்சா?" என்றார் மேஸ்திரி. சுற்றிலும் முப்பது பேர் நின்றார்கள்.

"பின்ன? சுயம்பு வெச்சது போவாதா? ரெண்டு சேந்து பொட்டிச்சு" என்று சொல்லிக் கொடியை இறக்கினார். விடிந்ததும் தனியாகப் போய்ச் சரிசெய்துவிடலாம் என்று கணக்கு. விடிந்தபோது கோர்ட் உத்தரவு வந்து குவாரிக்குப் பூட்டு விழுந்திருந்தது.

பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிறைந்தது. பிறகு மரம் நட்டார்கள். கொக்கும் நாரையும் முக்குளிப்பானும் வந்து சேர்ந்தன. வேலி கட்டிப் பறவைகள் காப்பிடம் என்று பலகை வைத்தார்கள். வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டும் வேலை யாருக்குக் கிடைத்தது என்கிறீர்கள்? அவருடைய மகள் சபிதாவுக்கேதான்.

"எனக்க வேலை எடத்த ஒரு நாளாவது வந்து பாருங்கப்பா" என்று ஒரு வருஷமாகக் கெஞ்சினாள். கால்வலி, மழை, தலைசுற்றல் என்று தட்டிக்கழித்தார். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். வடக்குப் பாறையில் பறவை பார்க்க மேடை கட்டப்போகிறார்கள் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னதும், கையிலிருந்த தோசையைப் போட்டுவிட்டுச் சட்டையை மாட்டினார். சிவப்புத் துண்டைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தார்.

கரையில் ஏகப்பட்ட கூட்டம். "அன்னா பாருங்க, மீன்கொத்தி" என்று சபிதா கைநீட்டினாள். அவர் பார்த்தது மீன்கொத்திக்குப் பின்னால் நின்ற பாறையை. அங்கே மேடைக் கம்பி வேலைக்கு வந்த ஸ்மைலின் என்கிற பையன் சாக்பீஸால் அடையாளம் போட்டு, துளைபோடும் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தான். இத்தனை மழையில் மருந்து செத்திருக்கும் என்றது மனம். கால் அதை நம்பவில்லை.

"வெடியேய்! வெடி! வெடி!"

குவாரியில் கூவுகிற அதே கூவல். குளத்துப் பறவை மொத்தமும் எழும்பியது. "ஏலே, மெஷின கீழ வையிலே! இறங்கி ஓடு!" என்று துண்டை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாறையை நோக்கி ஓடினார். ஸ்மைலின் மெஷினைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினான்.

"எப்பா, ஆளுவ பாக்காவ. சத்தம் காட்டாம மிண்டாம வாருங்க!" சபிதா பின்னாலேயே ஓடிவந்தாள். அவளுக்கு மானம் போனது.

அவர் அவளைக் கையால் தடுத்து நிறுத்தினார். தொடவில்லை, குனிந்து பார்த்தார். சாக்பீஸ் அடையாளத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, பாறையில் முளைத்த செடிக்கு நடுவே விரல் நீளத்துக்குக் கறுப்பாகத் திரி நீட்டிக்கொண்டு நின்றது. சபிதாவும் பார்த்தாள்.

"இது இஞ்ச கெடக்கது ஒங்களுக்குத் தெரியுமா?"

அவர் நிமிர்ந்து துண்டை மறுபடி உயரத் தூக்கிப் பிடித்தார்.

"பள்ளிக்கூடப் பிள்ளைய வரும்போ நான் இதுமேல ஏறி நின்னுதாம்பா பேசுவேன். தெனமும்."

அவர் கரைப் பக்கம் திரும்பினார். கரையில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு நின்ற முப்பது பேரைவிடக் கூடுதல்.

"பன்னெண்டு கொளுத்தினேன் மக்கா" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "பதினொண்ணுதான் பொட்டிச்சு. நான் பொய் சொல்லிட்டேன்."

கூட்டத்தை வேலிக்கு அப்பால் கொண்டுபோனார்கள். வெடி எடுக்கிற போலீஸ் வந்து சேர நாலு மணிக்கூர் ஆனது. அதுவரைக்கும் கை மரத்துப்போயும் அவர் துண்டை இறக்கவில்லை.