மணலில் நின்ற ஹீற்றர்

திருமலை டவுனில் மின்சாமான் திருத்துகிற ஸஜ்ஜாத்துக்குக் கை எவ்வளவு வேகமோ, வாய் அதைவிட வேகம். அந்த மழைக்காலத்தில் கடலோரச் சல்லிக் கிராமத்தில் இருந்து கோணேஸ்வரி ஓட்டோவில் ஒரு ஹீற்றரை ஏற்றிக்கொண்டு வந்தாள். முற்றத்தில் வைத்துக் குளிர்காய லண்டன்காரர் பாவிக்கிற, ஆள் உயர ஹீற்றர். மகள் அனுப்பியது. வெயில் இல்லாததால் அதை வைத்துக் கருவாடு காயவைக்கப் பார்த்தாள், எரியவில்லை.

ஸஜ்ஜாத் பிளக்கைச் செருகியதும் கம்பி சிவந்தது.

"நல்லாத்தானே எரியுது அக்கா! உங்கட வீட்டுக் கரண்டுக்குத்தான் குளிர் போல."

"பகிடி விடாதீங்க தம்பி. அவ்வளவு மீனும் நாறப்போகுது."

வயரை மாற்றிக் கொடுத்தான். மறுநாளே திரும்பி வந்தாள். கடையில் அது மறுபடியும் எரிந்தது.

"அதுக்கு என்னைத்தான் பிடிச்சிருக்கு," என்று சிரித்து அனுப்பிவிட்டான்.

பிறகு மனம் கேளாமல் சல்லிக்கே போனான். மீன் சுத்தமாக இருக்கவேண்டுமென்று கொட்டில் முழுக்கப் புதுக் கடல்மணல் பரப்பியிருந்தாள். பார்த்ததும் குனிந்து ஹீற்றரைச் சாய்த்தான். ஹீற்றரின் அடியில் ஒரு பொத்தான் உண்டு; நிலம் அதை அழுத்தினால்தான் கரண்ட் ஓடும், சாய்ந்தால் நின்றுவிடும். கடைச் சீமெந்தில் அழுந்திய பொத்தான், மணலில் அழுந்தாமல் புதைந்து கிடந்தது. அடியில் ஒரு பலகையை வைத்தான். எரிந்தது.

"எங்க வைக்கிறீங்க எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம் அக்கா. மீன் எங்க?"

"எல்லாம் நாறிப்போச்சு. காலமைதான் குழி வெட்டித் தாட்டனான்."

"என்னை ஏசுங்க."

"ஏசினா மீன் வருமே தம்பி?"

குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து நீட்டினாள். ஐயோ, அந்த ஒரு கோப்பையைக் குடித்து முடிக்க ஸஜ்ஜாத் பட்ட பாடு!